முப்பத்தாறு மைலில் ஒரு புகை

மேற்குக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. புகை மட்டும் சாயவில்லை.

துணை விமானிக்கான வலப்பக்க இருக்கையிலிருந்து முனியராஜ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே கோவில்பட்டிக்கு வடக்கே கரிசல் காடு விரிந்து கிடந்தது. காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தன, மேகங்களின் நிழல்கள் கிழக்கே பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஓட்டத்துக்கெல்லாம் நடுவில் வெள்ளையாக ஒரு புகை, நட்டுவைத்த கம்பு மாதிரி நேராக நின்றது. அதன் உச்சி அவன் சன்னலுக்குச் சரியாக நேரே வந்து, கத்தியால் சீவியதுபோல் முடிந்திருந்தது.

"எம்புட்டுத் தூரம் பாக்கி?" என்று இடப்பக்கத்திலிருந்து கேப்டன் பிரபாகரன் கேட்டார்.

"முப்பது மைல் சார்."

"அப்ப உயரம்?"

"ஒம்பதாயிரம். சரியா இருக்கோம்."

கேப்டன் தலையை ஆட்டிவிட்டு வலப்பக்கமாக எட்டிப் பார்த்தார். "காடெல்லாம் நனைஞ்சு கெடக்கு, பாத்தியா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். புகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பெங்களூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் மாலை விமானம் அது. எழுபது பேருக்கு இடமுள்ள சின்ன விமானம். பிரபாகரன் விருதுநகர் எண்ணெய் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர், கணக்குப் பைத்தியம். எந்த உயரத்தில் எங்கே இறங்கத் தொடங்க வேண்டும் என்று விமானத்தின் கணினியே சொல்லிவிடும். அவருக்கு அது போதாது. இறங்கும் கோணம் மூன்று டிகிரி என்றால் ஒரு மைலுக்கு முந்நூறு அடி. மீதி மைலை முந்நூறால் பெருக்கினால் இருக்க வேண்டிய உயரம். தரையின் மேல் ஓடும் வேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு இறங்க வேண்டிய அடி. இருநூற்று நாற்பது வேகத்துக்கு ஆயிரத்து இருநூறு. இதெல்லாம் துணை விமானியின் வாயில் வாய்ப்பாடு மாதிரி வர வேண்டும். "பெட்டி சொல்றத மட்டும் நம்பாத. கீழ பாத்து ஒரு அடையாளம் வச்சுக்க" என்பார். கண்மாய், கோயில் கோபுரம், ரயில் பாதையின் வளைவு, எதுவானாலும் சரி. அடையாளத்தைக் கடக்கும்போது உயரம் சரியாக இருந்தால் கோணமும் சரி.

ஐந்து வாரத்துக்கு முன்னால் இதே விமானத்தில் இதே கேள்வியை அவர் கேட்டபோது, முனியராஜ் காட்டிய அடையாளம் ஒரு புகை.

அன்று சாத்தூருக்கு மேற்கே ஏழாயிரம்பண்ணை சாலைப் பக்கம் அது எழும்பிக்கொண்டிருந்தது. முப்பத்தாறு மைல், பத்தாயிரத்து எண்ணூறு அடி. கச்சிதமான கணக்கு. "அது என்னப்பா புகை?" என்று கேப்டன் கேட்டார். முனியராஜ் அந்த ஊரில் பிறந்தவன். குப்பை எரிந்தால் புகை சாம்பல் நிறத்தில் தரையோடு பரவும், பட்டாசு மருந்து வெடித்தால் வெள்ளையாக எழும்பி உச்சியில் குடை விரிக்கும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டால் யாரும் சோற்றில் வைத்த கையைக்கூடக் கழுவமாட்டார்கள். வெளியே ஓடிவந்து புகை எந்தத் திசை என்று பார்ப்பார்கள். எந்தக் கம்பெனி, நம் ஆள் இன்றைக்கு அங்கே போனாளா என்று போனை எடுப்பார்கள். முனியராஜுக்கும் அந்தத் திசை தெரிந்தது. அவன் அம்மா பொன்னுத்தங்கம் வேலைக்குப் போகும் திசை அது.

"குப்பை எரிக்கிறாங்க சார்" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான்? புகை என்றால் வெடி, வெடி என்றால் ஊர், ஊர் என்றால் வீடு என்று பேச்சு நீளும். அங்கே நீளக்கூடாத பேச்சு ஒன்று இருந்தது. அம்மாவின் கம்பெனி முதலாளி வீட்டு அறக்கட்டளை உதவியில் விமானப் பயிற்சிக்குப் போன பத்தொன்பது வயதில், கூடப் படித்த பிள்ளைகள் வரிசையாக அப்பன் பெருமை பேசிய ஒரு சாயங்காலம், "எங்க அப்பா சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வச்சிருந்தாரு. அப்பா அம்மா ரெண்டு பேருமே இப்ப இல்ல" என்று சொல்லிவிட்டான். அப்பன் செத்தது உண்மை. அம்மா அந்த நேரத்தில் மருந்து அறையில் உட்கார்ந்து குழாய்க்குள் மருந்து இடித்துக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று; பிறகு வாழ்நாள் முழுக்க சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அன்று தரையிறங்கிப் போனைத் திறந்தபோது சித்தி சண்முகத்தாயின் அழைப்புகள் பதினேழு கிடந்தன. பக்கத்தில் கேப்டன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து சாத்தூர் ஒன்றரை மணி நேரம். முனியராஜ் போனை மறுபடி மூடினான். முப்பத்தைந்து நிமிடத்தில் திரும்பும் விமானம் கிளம்பியது, அவனும் கிளம்பினான். பெங்களூரில் அவன் சக்கரம் தரையைத் தொட்ட நேரத்தில் அம்மா போய்விட்டாள். அலுவலகத்தில் "தூரத்துப் பெரியம்மா" என்று சொல்லி இரண்டு நாள் விடுப்பு வாங்கினான். ஊரில் அவளைத் துணியில் சுற்றிக் கட்டித் தந்திருந்தார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம் என்றார்கள். அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

கோவில்பட்டிப் புகையைப் பார்த்த அன்று ராத்திரி சித்திக்குப் போன் செய்தான்.

"இன்னைக்கு எங்கயும் வெடிச்சுச்சா சித்தி?"

"இல்லயேய்யா. மழைக்கு எல்லாக் கம்பெனியும் லீவு விட்டிருக்காக. ஏன் கேக்க?"

மழை. புகை நின்ற இடத்தில் அன்று மழை பெய்திருந்தது.

அடுத்த வாரம் அதே பாதையில் வேறொரு கேப்டனோடு போனான். கோவில்பட்டிக்கு மேல் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கண்ணில் ஏதோ கோளாறு, தூக்கம் போதவில்லை என்று தேற்றிக்கொண்டு கருவிகளைப் பார்த்தான். இருபத்தினான்கு மைல், ஏழாயிரத்து இருநூறு அடி. நிமிர்ந்தான். சன்னலுக்கு நேரே, கையை நீட்டினால் தொடலாம் போல, புகையின் சீவிய உச்சி. ஏழாயிரத்து இருநூறு அடி உயரமான புகை.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அது ஆறு மைல் நகர்ந்திருந்தது. நகர்ந்தது மட்டுமல்ல, தணிந்தும் இருந்தது. மைலுக்கு முந்நூறு அடி. கேப்டன் சொல்லித்தந்த கோணத்தில், அவன் போட்ட கோட்டின் மேலேயே அது இறங்கிக்கொண்டிருந்தது.

பாதையை மாற்றிக் கேட்கலாம் என்று பணி ஒதுக்கும் பிரிவுக்குப் போனான். அங்கிருந்த பெண் நல்ல மாதிரி. "குடும்பக் காரணமா சார்? அப்படின்னா உடனே மாத்தித் தரலாம்" என்று படிவத்தை எடுத்து வைத்தாள். அதில் உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. பெற்றோர் இருவரும் இல்லை என்று பழைய படிவத்தில் எழுதியிருப்பது அவள் முன்னால் கணினியில் தெரிந்தது. பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். புகை தெரிகிறது என்று எழுதினால் பறக்கும் உரிமம் போகும்; அம்மா என்று எழுதினால் மானம் போகும். "பரவாயில்லை, நானே போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

பதினெட்டு மைலில் புகை கடற்கரைத் தாழங்காட்டில் நின்றது. ஐயாயிரத்து நானூறு. சன்னல் மூடியிருந்தும் அந்த முறை வாசனை வந்தது. கந்தகமும் வெடியுப்பும் ஈரச்சாக்கும் கலந்த வாசனை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் முந்தானையில் முகம் துடைத்தால் வருமே, அதே வாசனை. அப்போது பிடித்திருந்த வாசனைதான்.

விடுப்பு நாளில் பஸ் ஏறி ஏழாயிரம்பண்ணைக்குப் போனான். சித்தி அவனைக் கூட்டிக்கொண்டு கம்பெனி இருந்த இடத்துக்கு வந்தாள். உச்சி வெயில். சுவர் ஒரு முழம் மிஞ்சியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் கருகிய வேப்பமரம். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எங்கும் புகை இல்லை. அதைப் பார்த்து அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அங்கே இல்லையென்றால் அது கிளம்பிவிட்டது என்றுதானே அர்த்தம்.

"இந்த மரத்தடியிலதான் சாக்கு நனைச்சுப் போட்டு அக்காவப் படுக்க வச்சிருந்தோம். ஆம்புலன்ஸ் வர முக்கா மணி நேரம்" என்றாள் சித்தி. "அப்பத்தான் உன் பிளைட்டு போச்சு. தெனமும் அந்த நேரத்துக்கு ரூமுக்கு வெளிய வந்து அண்ணாந்து பாக்கும்லா, அந்தப் பழக்கம். அம்புட்டு எரிச்சல்லயும் மேல பாத்துச்சு. 'அவனா போறான்?'னு கேட்டுச்சு. ஆமாக்கான்னேன். 'எறங்குறான்'னுச்சு. அதுக்கப்புறம் பேச்சில்ல."

முனியராஜ் மரத்தின் கருகிய பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"ஒருக்கா அதுல ஏத்திக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியாமே. சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும்னு நீ தள்ளிக்கிட்டே போனியாம்."

"லீவு கெடைக்கல சித்தி."

சண்முகத்தாய் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். வெறுப்பு இல்லாத பார்வை, அதுதான் தாங்கவில்லை. "பெத்த மனம் பித்து, பிள்ள மனம் கல்லு. வாய்யா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்றாள். அவன் சாப்பிடவில்லை. லீவு கிடைக்காததா காரணம்? மருந்தும் வெள்ளிப் பவுடரும் ஏறிப்போன அந்த விரல்களோடு அவள் வந்து விமானத்தில் உட்கார்ந்தால், கூட வேலை பார்க்கிறவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற பயம்.

அடுத்த முறை பன்னிரண்டு மைல். மேற்குக் காற்றுக்கு எதிர்முகமாக இறங்க, விமானம் கிழக்கே சுற்றிக் கடலின் மேல் திரும்பியது. கடலுக்குள்ளிருந்து புகை எழும்பி நின்றது. மூவாயிரத்து அறுநூறு. தண்ணீரில் எது எரியும்?

ஆறு மைல். உப்பளத்தின் வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே. ஆயிரத்து எண்ணூறு. இப்போது புகை அவ்வளவு அகலமில்லை. ஒரு ஆள் அகலம்தான். உச்சியும் சீவினாற்போல் இல்லை. உருண்டையாக இருந்தது. விமானம் கடந்தபோது அது மெல்லத் திரும்பியது.

அடுத்தது பூஜ்யம்.

அந்த நாளும் வந்தது. வெள்ளிக்கிழமை. கேப்டன் பிரபாகரன். அறுபத்தெட்டுப் பயணிகள். தரையிறக்க வேண்டியது முனியராஜ்.

ராத்திரி முழுக்க அவன் முடிவு செய்துகொண்டே இருந்தான். சொல்லிவிடுவது. கேப்டன், அன்றைக்குக் குப்பை இல்லை, எங்க அம்மா. இவ்வளவுதான். இதைச் சொன்னால் போதும், அது திரும்பிப் போய்விடும் என்று அவனுக்கு உறுதியாகத் தோன்றியது. பெங்களூரில் கதவை மூடும்போது சொல்லப் போனான். கேப்டன் வானிலை பேசினார். சேலத்துக்கு மேல் வாயைத் திறந்தான். "உங்க அப்பா கம்பெனி பேரு என்னன்னு சொன்ன?" என்று அவரே ஏதோ நினைவில் கேட்டார். முனியராஜ் ஒரு பேரைச் சொன்னான். நாக்குக்குப் பழகிய பொய், தானாக வந்தது.

முப்பத்தாறு மைல். ஒன்றும் இல்லை.

முப்பது. இல்லை. இருபத்தினான்கு. இல்லை. கணக்கெல்லாம் சரியாக இருந்தது. பதினெட்டு. பன்னிரண்டு. கடல் சுத்தமாக இருந்தது. ஆறு. உப்பளத்தில் சாயங்கால வெயில் மட்டும் கிடந்தது.

வேகம் நூற்று இருபது. நிமிடத்துக்கு அறுநூறு. ஓடுபாதை ஓரத்து நான்கு விளக்குகளில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. கோணம் மூன்று. பாதையின் தொடக்கத்தை இமைக்காமல் பார்த்தான். அங்கேதான் நிற்கும். அங்கே.

இருநூறு அடி. இல்லை.

நூறு. இல்லை.

ஐம்பது.

சக்கரம் தொட்டது. அதிர்வே இல்லை.

"ஆகா. பூ மாதிரி வச்சிட்ட" என்றார் கேப்டன்.

முனியராஜின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சிரிப்பு வந்தது. நிறுத்துமிடத்தில் எஞ்சின்கள் அடங்கின. பின்னால் பயணிகள் பெட்டிகளை இறக்கும் சத்தம், குழந்தை அழுகை, படியிறங்கும் செருப்புகள். எல்லாம் குறைந்து அமைதியானது. சொல்லாமலே தப்பித்துவிட்டோம் என்று நினைத்தான். அந்த நினைப்பு வந்த அதே நேரத்தில் வாசனையும் வந்தது.

வெளியிலிருந்து இல்லை. முதுகுப் பக்கமிருந்து.

கதவு திறந்தது. பணிப்பெண் பிரீத்தி தலையை நீட்டினாள். "சார், ஒரு அம்மா இறங்காம நிக்கிறாங்க. விமானம் ஓட்டுறவங்களப் பாக்கணுமாம். முதல் தடவையாம், பாவம்."

"வரச் சொல்லும்மா" என்றார் கேப்டன்.

காலடி. வெறுங்கால். ஒவ்வொரு அடியும் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

முனியராஜ் திரும்பினான்.

சேலை எது உடம்பு எது என்று தெரியவில்லை. தலையில் முடி இல்லை. உச்சியிலிருந்து வெள்ளையாகப் புகை, குளிரூட்டியின் காற்றில் சாயாமல், நேராக எழும்பிக் கூரையைத் தொட்டது. இமைகள் இல்லாத கண்கள். அவை அவனைப் பார்க்கவில்லை. பொத்தான்களையும் விளக்குகளையும் ஒவ்வொன்றாக, ஆசையாக, பார்த்துக்கொண்டிருந்தன.

"வாங்கம்மா. எந்த ஊரு?" கேப்டனின் முகத்தில் மரியாதையான ஒரு சிரிப்பு மட்டும்தான். பிரீத்தியும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழாயிரம்பண்ணைய்யா."

"அட. நம்ம தம்பியும் அந்தப் பக்கம்தான். இவரத் தெரியுமா?"

இப்போது கண்கள் அவன் பக்கம் வந்தன. காத்திருந்தன. ஒரு சொல். மூன்றே எழுத்து போதும். முனியராஜ் மடியில் கிடந்த சோதனைப் பட்டியலைப் பார்த்தான். எழுத்துகள் ஓடின. கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தார். பிரீத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைத் திருப்பினான்.

"இவுக பெரிய வீட்டுப் பிள்ளைக" என்றது குரல். ஒவ்வொரு சொல்லோடும் கொஞ்சம் புகை வந்தது. "நமக்கு எங்கய்யா தெரியும்."

எல்லாம் தெரிந்திருந்தது அவளுக்கு. எப்போதிலிருந்தோ தெரிந்திருந்தது.

"இவருக்கு அம்மா இல்லம்மா. சின்ன வயசுலயே போயிட்டாங்க" என்று கேப்டன் இரக்கமாகச் சொன்னார். "உங்க கையால ஒரு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போங்க."

"வேணாம் சார்." முனியராஜின் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"என் கை நல்லாருக்காதுய்யா" என்று அவள் பின்வாங்கினாள்.

"உழைச்ச கைதானம்மா. வைங்க."

சூடு முதலில் வந்தது. பிறகு ஈரம். பிறகு பாரம். உச்சந்தலையில் அழுந்தி நின்றது. அவனால் இருக்கையை விட்டு அசைய முடியவில்லை. மார்பின் குறுக்கே பட்டைகள் இறுக்கியிருந்தன.

"நல்லாருங்க" என்றாள் அவனைப் பெற்றவள்.

கை விலகியது. சூடு விலகவில்லை. காலடிகள் ஒட்டி ஒட்டி நடந்து, படியில் இறங்கி, கேட்காமல் போயின. பிரீத்தி கதவைச் சாத்தினாள்.

"என்னப்பா, கண்ணு கலங்கிட்ட. அம்மா ஞாபகமா?" கேப்டன் குனிந்து தன் பையை எடுத்துக்கொண்டே பேசினார். ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி, நாளைய விமானத்தைப் பற்றி.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. முன்கண்ணாடியில் முனியராஜின் முகம் தெரிந்தது. அவன் தலையில் அவள் கை இன்னும் இருந்தது. உள்ளே எலும்பு இல்லை, சதை இல்லை. மணிக்கட்டோடு கழன்று வந்த வெறும் தோல், கருத்த நகங்களோடு, நெற்றியில் ஐந்து விரலையும் விரித்துப் படிந்திருந்தது. அவன் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க, அதன் சுண்டுவிரல் மெதுவாக அசைந்து அவன் புருவத்தைத் தடவிக்கொடுத்தது.